கரிபு வேட்டைக்கு நிய்யத்

ஆகஸ்ட் 9, சனி

விடியலில் தூறல். சுபுஹுத் தொழுகைக்குப் போகையில் தெருவெங்கும் சேறு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஏரிப்பக்கம் காற்றே இல்லை. பள்ளிவாசலில் ஏழு பேர்.

ஆறரைக்கு மகள் ஸபூராவின் அழைப்பு. வெள்ளிதோறும் அழைப்பவள் சனியன்று அழைத்ததால் நெஞ்சு திடுக்கிட்டது. நற்செய்திதான்.

"வாப்பா, செப்டம்பர் கடைசில கரிபு வேட்டைக்குப் போறோம்."

என் செவியில் 'கரீப்' என்று விழுந்தது. இவ்வூரில் ஏழையைக் கரீப் என்போம். ஏழையை வேட்டையாடுவதா, இறைவன் காக்க என்றேன். அங்கிருந்து ஒரே சிரிப்பு. அவள் உம்மா இறந்த பின் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கரிபு என்பது மான். ஆணுக்கும் கொம்பு, பெண்ணுக்கும் கொம்பு. மந்தை மந்தையாக ஆற்றை நீந்திக் கடக்குமாம்.

கனடாவின் வடகோடியில், மரமும் முளைக்காத ஊரில், அவள் செவிலி. நான்கு ஆண்டுகளாகப் பருப்பும் டப்பா மீனும். ஹலால் கறி அவ்வூருக்கு வருவதே இல்லை. இவ்வாண்டுதான் முதன்முதலாக வேட்டை அனுமதிச் சீட்டு. பக்கத்து வீட்டுத் தம்பதியர் அம்மண்ணின் பழங்குடியினர். படகில் அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"சுடுறத நான் சுட்டுடுவேன். அறுக்கத்தான் ஆம்பள வேணுமே, இங்க நம்மாளுங்க யாரு இருக்கா? நீங்க வந்துடுங்க வாப்பா. விசாவுக்கு இப்பவே எழுதிப் போடுங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு கணமும் எண்ணிப்பாராமல்.

இவ்வேட்டில் மட்டும் எழுதி வைக்கிறேன். பெண் அறுத்தாலும் கூடும், உண்ணலாம். அறிவு தெளிந்தவராய், இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்பவராய் இருந்தால் போதும். ஆண் பெண் வேறுபாடு இல்லை. மார்க்கத்தில் இதில் ஐயத்துக்கே இடமில்லை. கூடாது என்பது எங்கள் தெருவின் பழக்கம். அவள் உம்மா சேவலைக் கையில் பிடித்துக்கொண்டு ஆண்பிள்ளை தேடி வாசலில் நின்றதைப் பார்த்து வளர்ந்த பெண், அதையே சட்டமென்று நம்புகிறாள்.

முப்பது ஆண்டு இவ்வூர்க்காரர்களுக்கு மஸ்அலா, அதாவது மார்க்கச் சட்ட விளக்கம், சொன்னவன் நான். அந்தக் கணத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெக்கை. மாலையில் இடி, மழை இல்லை.

கொண்டுபோக:
— கம்பளி உள்சட்டை 2. காதுமூடும் குல்லா.
— இரத்த அழுத்த மாத்திரை, இரண்டு மாதத்துக்கு.
— ஸ.வுக்கு இறால் கருவாடு (விமானத்தில் விடுவார்களா?)
— கத்தி அங்கேயே.
— அவ்வூரிலிருந்து கிப்லா எத்திசை? ஏறத்தாழ வடக்கு என்கிறாள். அறுபது ஆண்டுக்கு மேல் மேற்கு நோக்கித் தொழுத உடம்பு.

மஸ்அலா குறிப்பு: வேட்டையில் சுடும்போதே பிஸ்மி. துப்பாக்கிக் குண்டுபட்டே இறந்தது கூடுமா என்பதில் அறிஞரிடையே கருத்துவேறுபாடு உண்டு. எனவே உயிர் இருக்கையில் ஓடிச்சென்று அறுத்துவிடுவதே பேணுதல். என் முழங்காலோடு எங்கே ஓடுவது?

லைட்ஹவுஸ் குப்பத்துச் செல்வி மீன் கொண்டுவந்தாள். பட்டியலை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பாய், கம்பளிலாம் எழுதிக்கினு கீறீங்க? ஊட்டிக்கா?"

சொன்னேன்.

"மானா? ஏன், அந்த ஊருல தண்ணி இல்லியா, மீனு இல்லியா? மீனுன்னா உங்களுக்கு அறுக்கவே வாணாமே பாய். செத்துக் கெடந்தாலும் ஓகேதானே?"

கூடையை இறக்கிவைத்தபடி மஸ்அலாவைச் சரியாகவே சொன்னாள். நீர்வாழ் உயிருக்கு அறுப்பு இல்லை. இந்த ஏரிக்கரையில் பிறந்ததனால் கத்தியைத் தொடாமலே என் வாழ்நாள் கழிந்தது.

"போய்ட்டு சீக்கிரம் வந்துருங்க. இந்தத் தெருவுல மடவைக்குப் பேரம் பேச வேற யாரு கீறா? எல்லாம் சொன்னதக் குடுத்துட்டு உள்ள பூந்துக்கிறாங்க."

அவள் போன பின் அஸர் தொழுகை வரை எவரோடும் பேச்சில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

கறிக்கடை மஸ்தானிடம் பயிற்சி. எனக்கு இருபது வயது இளையவன். செய்தி அதற்குள் கடைத்தெரு முழுவதும்.

"வாங்க ஹஜ்ரத். கரீப அறுக்கப் போறீங்களாமே? அதுக்கு எதுக்கு ஃப்ளைட்டு? நானே கீறேன் இங்க, அறுத்துட்டுப் போங்க."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்.

ஆட்டைக் கிடத்தி, என் கையைப் பிடித்துத் தொண்டையில் இடம் காட்டினான். பிஸ்மி சொன்னேன். கத்தி இறங்கும்போது கண் தானாக மூடிக்கொண்டது.

"ஹஜ்ரத், கண்ண மூடிக்கினு அறுத்தா ஆடு பொழச்சிக்கும், என் கையி பூடும்."

இரண்டாம் முறை திறந்தே வைத்தேன். சூடு. அதுதான் எதிர்பாராதது. மீனின் உதிரம் குளிர்ந்தது. இது என் கையைப் போலவே சூடாக இருந்தது. பிணையைக் காத்து நிற்கும் கலைமான் பற்றி எத்தனையோ செய்யுள் மனப்பாடம். ஒன்றிலும் இந்தச் சூடு இருந்ததாக நினைவில்லை.

கை கழுவ நீர் ஊற்றிக்கொண்டே மஸ்தான் கேட்டான்: "ஒரு டவுட்டு ஹஜ்ரத். உங்க பொண்ணே அறுத்தா கூடாதா?"

"கிதாபு பாத்துச் சொல்றேன்."

வாய் கூசாமல் சொன்னேன். மார்க்கம் கேட்டவனுக்கு, தெரிந்ததைத் தெரியாததுபோல்.

ஆகஸ்ட் 16, சனி

நேற்று விடுமுறை, இன்றுதான் நெட் சென்டர் திறப்பு. விசா விண்ணப்பம். தட்டச்சு செய்யும் பெண்ணுக்கு வயது இருபது இருக்கும். பெயர், பிறந்த ஊர், மனைவி பெயர். 'காலமானார்' என்பதற்குத் தனிக் கட்டம் இருந்தது. அதில் ஒரு சரிக்குறி.

"போற நோக்கம் இன்னானு கேக்குது தாத்தா."

"மான் அறுக்க."

தட்டச்சு செய்த அவள் கை நின்றது.

"அப்டிலாம் போட்டா ஏர்போர்ட்டுலயே உக்கார வச்சிடுவாங்க. அங்க யாரு கீறாங்க உங்களுக்கு?"

"மக."

"அப்ப மகளைப் பாக்கன்னு போட்டுக்கறேன். அதானே?"

தலையசைத்தேன். கையொப்பம் இட்டேன்.

நோக்கத்தைத்தான் நாங்கள் நிய்யத் என்கிறோம். தொழுமுன் நிய்யத், நோன்புக்கு நிய்யத். உள்ளம் ஒன்றும் உடல் ஒன்றுமாகச் செய்த வணக்கம் ஏற்கப்படாது என்று பிறருக்குச் சொல்லி வந்திருக்கிறேன். எனக்கு மட்டும் என் நிய்யத்தை ஒரு கட்டத்துக்குள் அந்நியப் பெண் தட்டச்சு செய்து காட்ட வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பகல் முழுதும் மின்சாரம் இல்லை. சன்னலோரம் பழம்பாடல்கள். அகத்துறையில் ஓர் உத்தி உண்டு. தினைப்புனம் காக்கும் பெண்ணிடம் ஒருவன் வருவான். என் அம்பு தைத்த மான் இவ்வழி வந்ததா என்பான். கையில் வில் இருக்கும், மான் இராது. அவன் வந்தது மானைத் தேடியன்று. பார்க்கவேண்டும் என்று நேராகச் சொல்ல நாணுகிறவனுக்கு மான் ஒரு சாக்கு. மாணவப் பருவத்தில் இதைப் படித்து நகைத்தோம்.

இன்று நகை வரவில்லை.

கரீப் என்பதற்கு அரபியில் மூலப்பொருள் அந்நியன், ஊர் நீங்கியவன். பிறந்த தெருவை விட்டு நீங்காமலே அப்படி ஆனவனுக்கு என்ன சொல்? அகராதி பார்த்தேன். இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

தொண்டை கரகரப்பு. சுக்குநீர். இன்று நான் பேசியவை: ஸலாம் ஐந்து முறை. செல்வி வரவில்லை; கடலில் அலை மிகுதியாம்.

ஆகஸ்ட் 20, புதன்

சுபுஹு முடிந்து வந்தபோது கைப்பேசியில் ஸபூராவின் குரற்பதிவு. மூன்று முறை கேட்டேன்.

"வாப்பா, இந்த வருஷம் மந்தை முன்னாடியே வந்துகினு இருக்காம். பக்கத்து வீட்டுக்காரங்க வர்ற ஞாயித்துக்கெழமையே கெளம்புறாங்க. நீங்க வராம நான் வரலன்னு சொல்லிட்டேன். அவங்களுக்கு ஒண்ணும் புரியல, பாவம். பரவால்ல வாப்பா. கெடைச்சா கெடைக்குது, இல்லன்னா அடுத்த வருஷம். பருப்பு பழகிடுச்சி."

பருப்பு பழகிடுச்சி.

என் வாய் மூடியிருப்பதால் அவள் பட்டினிக்கு இன்னோர் ஆண்டு. உடனே அழைத்தேன். பொதுவாக நான் அழைப்பதில்லை. அவளுக்கு மார்க்க ஐயம் வந்தால் அவள் அழைப்பாள், நான் விடை சொல்வேன், பேச்சு முடியும்.

"நீயே அறுக்கலாம்மா. பொம்பள அறுத்தா கூடும்."

"நெசமாவா வாப்பா? எனக்கே கூடுமா?"

எங்கே கத்தி வைப்பது, எந்த நரம்புகள், எத்திசை, என்ன சொல்வது, எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். மஸ்தானிடம் கற்றதும் பயன்பட்டது: கண்ணைத் திறந்தே வைத்துக்கொள், சூடாக இருக்கும் என்றேன். மகிழ்ச்சியில் அவள் குரல் சிறுமியின் குரலாக இருந்தது.

"கிதாபெல்லாம் தேடிப் பாத்து சொன்னீங்களே வாப்பா, அல்லாஹ் நன்மை தருவான். அப்ப நீங்க இம்மாந்தூரம் அலைய வாணாம். உங்க முட்டிக்கு இந்தக் குளுரு ஆவாது. நான் பாத்துக்கறேன்."

அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன். தேடிப் பார்க்கவில்லை என்று சொல்லவில்லை.

கடைத்தெருவில் மஸ்தானைக் கண்டு விடை சொன்னேன்: "கூடும்."

"இதுக்கா ஹஜ்ரத் ஒரு வாரம் பாத்தீங்க? ரொம்பப் பெரிய கிதாபு போல."

சிரித்துக்கொண்டே கறி நறுக்கினான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

இரவு உணவு வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

வடகிழக்கில் கருமேகம். காற்று ஏரியிலிருந்து. உறக்கம் சரியில்லை.

தொழுகையில் மூன்றாம் முறையாக ரகஅத் எண்ணிக்கை மறந்தது. பாய் விரிப்பிலேயே உட்கார்ந்து முடிவு செய்தேன். ஆறேகாலுக்கு அழைத்தேன். அங்கே முந்தைய நாள் மாலை.

"இன்னா வாப்பா, ரெண்டு நாளா நீங்களே கூப்புடுறீங்க? ஒடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"ஒண்ணு சொல்லணும். அந்த மஸ்அலா எனக்கு மொதல்லயே தெரியும். தேடிலாம் பாக்கல. நீ கேட்ட அன்னிக்கே தெரியும்."

அந்தப் பக்கம் ஏதோ கொதிக்கும் ஓசை. அடுப்பை நிறுத்தினாள்.

"பன்னெண்டு நாளாவா?"

"பன்னெண்டு நாளா."

"ஏன் வாப்பா சொல்லல?"

எழுபத்தொரு வயதில், அவைகளில் பேசிப் பழகியவன், பாய் விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தேன். அவளே கேட்டாள்:

"இங்க வரணும்னு அவ்ளோ ஆசையா?"

"ஆமாம்மா."

"இங்க ஒண்ணுமே இல்ல வாப்பா. நான் ட்யூட்டிக்குப் போய்ட்டா பேசக்கூட ஆளு இருக்காது."

"இங்க மட்டும் யாரு இருக்கா?"

நான் சொல்ல எண்ணியது அதுவன்று. வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினாள், அழுகையா, அங்கத்துக் குளிரா, அறியேன். "நீங்க இத மொதல்லயே சொல்லிருந்தா நான்..." என்று தொடங்கினாள். அதற்குள் மருத்துவமனையிலிருந்து அவளுக்கு வேறோர் அழைப்பு. அவசரம் என்றாள். வைத்துவிட்டாள்.

இப்போது காலை ஒன்பதரை. மீண்டும் அழைக்கவில்லை. சினமாக இருக்கலாம். வேலையாக இருக்கலாம். அந்த வாக்கியத்தை நான்கு விதமாக முடித்துப் பார்த்தேன். இரண்டு எனக்குச் சாதகம்.

மாலை மஃரிபுத் தொழுகைக்குப் பின் அங்கே விடிந்திருக்கும். நானே அழைப்பேன். சொல்வதற்கு மஸ்அலா எதுவும் இல்லை.