தேன்மொழி எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்கே வருகிறாள்

பிள்ளைப்பாக்கம்,
ஞாயிறு, பூசைக்குப் போய் வந்த கையோடு.

அன்பு மகள் ஷெர்லினுக்கு அப்பா எழுதுவது.

ஆண்டவர் தயவில் நானும் உன் அம்மாவும் நலம், மாடியில் குடியிருக்கும் கம்பெனிப் பெண்கள் நலம், தண்ணீர் மோட்டார் மட்டும் நலமில்லை. அயர்லாந்தில் நீயும் உன் ஆஸ்பத்திரியும் அந்த ஓயாத மழையும் சுகம்தானே. தினம் வீடியோவில் முகம் காட்டுகிற மனுஷன் திடீரென்று பேனாவைப் பிடித்திருக்கிறாரே என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் நீ முக்கியமான பேச்சை எடுத்தாலே நான் மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறேன், அதையும் தாண்டி நீ கேட்டால் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அந்த ஊரில் வஞ்சிரம் கிடைக்கிறதா என்று விசாரிக்கிறாள். அதனால்தான் கடிதம். எழுதி முடித்ததும் மாடி வீட்டு மாரிசெல்வி போட்டோ எடுத்து அனுப்புவாள். நீ கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒப்பந்தம் முடியப்போகிறது, வேலையை நிரந்தரம் ஆக்குகிறோம் என்கிறார்கள், இங்கேயே இருந்துவிடட்டுமா அப்பா என்று கேட்டாய். நான் சிக்னல் இல்லை என்றேன். சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை. பதிலைப் பிறகு சொல்கிறேன், முதலில் என் கதைக்கு வந்த கதையைக் கேள்.

நான் ரிட்டையராகி வீட்டில் உட்கார்ந்து, உன் அம்மா சுடும் தோசைகளை எல்லாம் ஓகே, ரிஜெக்ட் என்று பிரித்துக்கொண்டிருந்தேன் என்பதற்காக நீதானே அந்தக் கதை ஆப்பில் எழுதச் சேர்த்துவிட்டாய். போனில் படிக்கிற கதை, நடுநடுவே நின்று இப்போது இவள் என்ன செய்யட்டும் என்று இரண்டு பொத்தானைக் காட்டும், படிக்கிறவர் எதைத் தொடுகிறாரோ அந்த வழியில் போகும், அதனால் எழுதுகிறவன் எல்லா வழியையும் எழுதிவைக்க வேண்டும் என்று நீ சொன்னபோது, ஒரகடத்தில் கார் சீட்டுக்குக் குவாலிட்டி பார்த்தவனுக்கு இது ஒரு வேலையா என்று இறங்கிவிட்டேன். கதாநாயகி பெயர் தேன்மொழி. நல்ல பெண், கெட்டிக்காரி, பிடிவாதம் மட்டும் உன்னை மாதிரி. அங்கேதான் பழக்க தோஷம் வேலையைக் காட்டிவிட்டது. எங்கள் லைனில் தையல் கோணலாக ஒரு சீட்டு வந்தால் சிவப்பு டேக் கட்டி ரீவொர்க்குக்கு அனுப்புவோம், பிரித்துத் தைத்து மறுபடி லைனில் ஏற்றுவார்கள், கோளாறோடு ஒரு சீட்டும் கேட்டைத் தாண்டாது. அதே மாதிரி, படிக்கிறவர் தப்பான பொத்தானைத் தொட்டால் தேன்மொழியை ரீவொர்க்குக்கு அனுப்பினேன், அதாவது வீட்டுக்கு. எது தப்பு என்று பார்த்தால், வீட்டைவிட்டு வெளியே போகிற எல்லாமே தப்பாக இருந்தது.

காதலனோடு ஓடிப்போ என்பதைத் தொட்டால், ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு வரை போனதும் மாப்பிள்ளைக்கு ஆதார் கார்டை மறந்துவிட்டது தெரியும், இருவரும் திரும்பி வந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிடுவார்கள். மும்பைக்கு விமானம் ஏறு என்பதைத் தொட்டால் மூடுபனி, விமானம் மறுபடி மீனம்பாக்கத்திலேயே இறங்கும். சினிமாவில் சேர் என்பதைத் தொட்டால் டைரக்டருக்கு அம்மை போட்டிருக்கும். வாசகர்கள் பேய் வேண்டும் என்று கேட்டார்களே என்று ஒரு பேயும் வைத்தேன். அது தேன்மொழியைத் தூக்கிக்கொண்டு மணிமங்கலம் ஏரி வரைக்கும் போய், அங்கே கொஞ்சம் யோசித்து, நேரமாகிவிட்டது, வயசுப் பெண் இந்நேரம் வெளியே இருக்கக்கூடாது என்று சொல்லி அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போகும். அதைப் படித்துவிட்டு உன் அம்மா, இம்மா தூரம் பத்ரமா கொண்டாந்து வுட்ட பேய்க்கு ஒரு வாய் காபி குடுக்கலியா என்று கோபித்துக்கொண்டாள். பிறகு அவளே, யோவ், நீ இன்னா ஆட்டோவா ஓட்டுற, ஏத்துன எடத்துலயே எறக்கி வுட்டுகினு கீற என்றாள். அவள் சொன்னால் சொல்லட்டும், மாரிசெல்வியும் கூட்டாளிகளும் செய்ததுதான் அநியாயம். செல்போன் கம்பெனிக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து, தேன்மொழியை வீட்டுக்கு வராமல் தொலைக்கிறவளுக்குப் பப்ஸ் என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள். இன்றுவரை ஒருத்தியும் பப்ஸ் தின்னவில்லை. மாமா, எங்கிட்டுப் போனாலும் வீட்டு வாசல்லயே கொண்டாந்து விட்டுருதீயளே, ஒங்களுக்கே இது நியாயமாத் தெரியுதா என்று மாடிப்படியில் என்னை மடக்கிக் கேட்டாள். நான் அவளிடமும் மோட்டாரைப் பற்றிப் பேசினேன்.

ஆனால் ஆப்பில் கதைகளைச் சரிபார்க்கிற ரஞ்சனி விடவில்லை. தங்கமான பெண், என்னைச் சார் சார் என்றுதான் திட்டுவாள். சார், இது கதையா ரிட்டர்ன் டிக்கெட்டான்னு கமெண்ட்ல கேக்குறாங்க சார், இந்த வாரத்துக்குள்ள ஒரே ஒரு முடிவுலயாவது தேன்மொழி வெளியூர் போயி நல்லா இருக்கணும், இல்லாட்டி கதைய நிறுத்திடுவாங்க சார், ஒரு தடவ தேன்மொழிய விடுங்க சார் என்று குரல் செய்தி அனுப்பினாள். அந்தக் கடைசி வார்த்தையை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். சரி, விட்டுத்தான் பார்ப்போமே என்று தேன்மொழிக்குப் பெங்களூரில் வேலை வாங்கிக்கொடுத்து பஸ்ஸில் ஏற்றினேன். டயர் பஞ்சராகவில்லை, புயல் வரவில்லை, பஸ் சுங்குவார்சத்திரத்தைக்கூடத் தாண்டிவிட்டது. எழுந்துபோய் மோட்டாரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த வரியில் பார், ஐயோ தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டேனே என்று இறங்கித் திரும்பி நடக்கிறாள் தேன்மொழி. நானா எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாரிசெல்வி அதைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. அவள் தென்காசிப் பக்கத்திலிருந்து முதல்முதலாக இங்கே கிளம்பி வந்த அன்று அவளும் பாட்டிலை டீக்கடையில் மறந்துவிட்டாளாம். பஸ்சு நவுந்துட்டு மாமா, எங்கப்பா பாட்டிலத் தூக்கிக்கிட்டு ஓடியாந்து ஜன்னல் வழியா குடுத்தாவ, அதுக்காவ என்னைய எறக்கவா செஞ்சாவ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டாள். எனக்கு உன்னை விமானம் ஏற்றிய நாள் ஞாபகம் வந்தது. இருங்காட்டுக்கோட்டை தாண்டியதும் ஊறுகாயை மறந்துவிட்டோம், வண்டியைத் திருப்பு என்று கத்தினேனே, டிரைவர் என்னைத் திட்ட, நீ டிரைவரைத் திட்ட, கடைசியில் ஊறுகாய் உன் பெட்டிக்குள்ளேயே இருந்ததே. ஊறுகாய்க்கா நான் கத்தினேன். உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன் ஷெர்லின், உன் அம்மா வந்து கேட்டதற்கு வெங்காயம் என்றேன், வெங்காயத்த நான்ல அரிஞ்சிகினு கீறேன் என்று சொல்லிவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன். தேன்மொழி பாட்டிலை மறக்கிறாள், அவள் அப்பா ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கொடுக்கிறார், பஸ் போகிறது. போகிறது என்றால் போகிறது, நான் எங்கேயும் நிறுத்தவில்லை. கம்பெனி பஸ்ஸில் மாரிசெல்விக்குப் பப்ஸ் கிடைத்துவிட்டது. ஆகவே உனக்கும் அதுதான் பதில். இருந்துவிடு. வேலையை நிரந்தரம் ஆக்கிக்கொள். உன்னிடத்தில் ஒரு கோளாறும் இல்லை, ரீவொர்க்குக்கு வர வேண்டாம். என்றைக்காவது வரத் தோன்றினால் அந்தப் பொத்தானும் அப்படியேதான் இருக்கும், குழம்பும் இருக்கும். இப்போது எனக்கு ஒரே ஒரு சிக்கல். தேன்மொழி போய் இறங்கிவிட்டாள், மறுநாள் காலையில் எழுந்து ஜன்னலைத் திறக்கிறாள், அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. வெளியூரில் என் பிள்ளை காலையில் எதைப் பார்க்கும் என்று எனக்குத் தெரியாது, தெரியாததால்தான் இத்தனை நாளும் அவளைத் திருப்பித் திருப்பி இங்கேயே கொண்டுவந்தேன் போலிருக்கிறது. உன் ஜன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறது? மரமா, சுவரா, பக்கத்து வீட்டுக்காரியின் துணிக்கொடியா, யாராவது உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களா? விவரமாகச் சொல், ரஞ்சனி அவசரப்படுத்துகிறாள்.

மழையில் நனைந்தால் தலையைத் துவட்டு, நைட் டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே, ஜெபமாலையைத் தலைமாட்டில் வைத்துக்கொள். ஆண்டவர் நீ போகிற பாதையிலெல்லாம் உனக்கு முன்னால் நடப்பாராக. உன் அம்மா பக்கத்திலிருந்து, ரெண்டு பொத்தான் மட்டும் வச்சா எப்டியா, மூணாவதா அம்மாவும் அப்பாவும் பிளைட் ஏறட்டும்னு ஒண்ணு வையி என்கிறாள். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க நாளைக்கே ஸ்ரீபெரும்புதூர் போகிறோமாம், சட்டைகூட எடுத்து வைத்துவிட்டாள். நான் அந்தப் பொத்தானைத் தொடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், நீ ஜன்னலைப் பற்றி எழுத மறக்காதே.

இப்படிக்கு,
பஸ்ஸை நிறுத்தாத உன் அப்பா,
சாம்சன்