பிரகாரத்து டியூப்லைட்டுகள்

வெள்ளிக்கிழமை, ராத்திரி.

தம்பி மகள் வெண்ணிலாவுக்கு ரெண்டாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. டீச்சர் இன்று தம்பியைக் கூப்பிட்டு, "பரம்பரையாவும் இப்படி வரும்ங்க. ஆனா வூட்ல தினம் கூட உக்காந்து படிச்சா நல்லா வரும்" என்றாராம். அவன் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டான்.

"என்னாலதான்க்கா. எனக்கும் எழுத்து வழுக்கிட்டுதான் போவும்."

"நானும் அதே வயித்துலதான்டா பொறந்தேன். அப்பா என்னை மடியில வச்சு சாமிப் பாட்டு புஸ்தகத்த தெனம் படிச்சுக் காட்டுனாரு, எனக்கு எழுத்து வந்துச்சு. நீ நடக்கறதுக்குள்ள அவரு போயிட்டாரு."



சாயந்திரம் மூவரும் பழமலைநாதர் கோயிலுக்குப் போனோம். டியூப்லைட்டில் எழுதியிருந்த உபயதாரர் பெயரைப் பார்த்து வெண்ணிலா "மு... மு..." என்று நின்றாள். எப்போதும் நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். இன்று வாயை மூடிக்கொண்டேன். தம்பியும் அண்ணாந்து பார்த்து உதட்டை அசைத்தான்.

"முருகேசன்" என்றாள் அவள். அவன் இன்னும் பாதியில்தான் இருந்தான்.

"அடுத்த லைட்டுக்கு வாப்பா, சேந்து படிக்கலாம்" என்று அவன் விரலைப் பிடித்து இழுத்தாள்.

பழமலைநாதா, கண்ணை மூடினால் அந்த வெளிச்சம் வரிசையாக நீண்டுகொண்டே போகிறது. இருவரும் அண்ணாந்தபடி அதன் கீழே மெதுவாக நடக்கிறார்கள். நான் பின்னால், பேசாமல் நடக்கிறேன்.