ஜீப்புக்கு வயசாச்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். முட்டிவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லை வழக்கம்போல நாளைக்கு நாளைக்கு என்கிறாயா?

அரசாங்கக் கணக்கைச் சீர்திருத்த வந்தவன் ஒரு ஜீப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்குச் சக்கரம் இல்லை, இன்ஜினுக்குள் செடி முளைத்திருக்கிறது. கணக்கில் மட்டும் வாங்கின விலையிலேயே நிற்கிறது. தேய்மானம் கழிக்கச் சொன்னால் ஸ்டோர் கீப்பர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

“விலை குறைஞ்சா யார் குறைச்சதுன்னு கேப்பாங்க தம்பி. அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறேன். பென்ஷன்ல பிடிச்சிடுவாங்க.”

“வண்டிக்கு வயசாச்சு சார். அதுக்கு யாரைப் பிடிப்பாங்க?”

“அதையே நீங்க எழுதிக் கொடுங்களேன்.”

இந்தக் கணக்கை முடித்தால்தான் எனக்கு லீவு. கடுப்பில், ‘வயதால் குறைந்த மதிப்பு, கேள்வி வந்தால் நானே பொறுப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய விஷயமில்லை, பயப்படாதே. மனுஷன் அடுத்த நிமிஷமே கையெழுத்துப் போட்டு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

இன்று காலை என் அறை வாசலில் மற்ற ஸ்டோர் கீப்பர்கள் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். “பொறுப்பு ஏத்துக்கிற தம்பி இவர்தானா?” தலையில் அடித்துக்கொண்டேன்.

என் பழைய போர்வையை அனுப்பு. இங்கே வாங்கியது காலை மூடினால் தலையை மூடவில்லை. நான் போன் செய்யும்போது டிவியை அணைக்காதே, அந்தச் சத்தமும் கேட்கட்டும்.

அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டும்போது கையெழுத்து விஷயத்தைத் தாண்டிவிடு. அவர் கண் ஆபரேஷனுக்கு நான் அங்கே இருப்பேன். வாசலில் நிற்கிற அத்தனை பேருக்கும் பொறுப்பேற்றாவது வந்துவிடுகிறேன். கதவைத் தட்டுகிறார்கள், முடிக்கிறேன்.

உன் மகன்