கோசு ஜாடி

12-1-1975
இன்றும் அவருக்கு மாத்திரை உள்ளே நிற்கவில்லை. விழுங்கிய கொஞ்ச நேரத்தில் கொல்லைப்புறம் போய்க் குனிந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சம்சாத், சீக்கு என்னைக் கொல்லாது. இந்த மாத்திரைதான் கொல்லும்" என்றார். தண்ணீர் கொடுத்தேன். வேறு என்ன கொடுக்க?

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். தினம் ஒன்று, ஒன்றரை வருஷம். நடுவில் விட்டால் நோய் திரும்பும், அப்போது இந்த மாத்திரைக்கு அடங்காது. என் வீட்டுக்காரர் இரண்டு மாதத்துக்கே இப்படி.

ஊரில் யாருக்கும் தெரியாது. வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருக்கிறோம். மகாபலிபுரம் பஸ் ஸ்டாண்டில் பாஷா சோடா என்றால் தெரியாதவர் இல்லை. டி.பி.க்காரர் கழுவிய பாட்டிலில் யார் வாய் வைப்பார்கள்?

16-1-1975
காணும் பொங்கல். கடற்கரையில் எள் போட்டால் விழாத கூட்டம். அவரால் நிற்க முடியவில்லை. பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, துண்டை வாயில் அழுத்திக்கொண்டு இருமினார். சோடா பாட்டில் கோலியை நான்தான் அமுக்கி அமுக்கிக் கொடுத்தேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது.

குப்பத்தில் குடிசை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் ஜெர்மன்காரர் தினமும் சோடாவுக்கு வருவார். இன்று பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, இங்கேயா வலி என்று சைகையில் கேட்டார். இவர் ஆமாம் என்று தலையாட்டினார். எங்கள் பொய் கடல் தாண்டியும் போகிறது.

20-1-1975
ஜெர்மன்காரர் ஒரு பீங்கான் ஜாடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். முட்டைகோஸை மெல்லிசாக அரிந்து, உப்புப் போட்டுப் பிசைந்து, அது விட்ட தண்ணீரிலேயே அமுக்கி வைத்தது. எண்ணெய் இல்லை, மிளகாய் இல்லை, அடுப்புக்கே வேலை இல்லை. மிதக்காமல் இருக்க மேலே ஒரு கருங்கல். சிற்பி துரை பாதி செதுக்கிவிட்டு வேண்டாமென்று போட்ட ஆமையாம் அது.

மூடியைத் திறந்ததும் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். இவர் நுரையைப் பார்த்துவிட்டார். "பாரு சம்சாத், கேஸ் ஏத்தாமயே பொங்குது! இதுல உசுரு கீது." சோடாக்காரர் கண்ணுக்கு அதுதானே படும். ஜெர்மன்காரர் நாட்டில் கப்பலில் மாதக்கணக்காகப் போகிறவர்கள் இதைத் தின்றுதான் நோய் வராமல் பிழைத்தார்களாம். வயிறு, நெஞ்சு, ரத்தம் எல்லாவற்றுக்கும் நல்லதாம். அரைகுறை இங்கிலீஷில் அவர் சொன்னது பாதி, இவர் சேர்த்துக்கொண்டது பாதி.

ஒரு கை அள்ளித் தின்றார். அதோடு கஞ்சியும் குடித்தார். வாந்தி வரவில்லை. நான் சமையற்கட்டில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

3-2-1975
மாத்திரையை நிறுத்திவிட்டார்!

மீதிப் பொட்டலத்தைச் சவுக்குத் தோப்பில் வீசிவிட்டு வந்து, ஏதோ நல்ல காரியம் செய்ததுபோல் சொல்கிறார். கோசே போதுமாம். "பசிக்குது, தூக்கம் வருது, இன்னும் இன்னா வேணும் உனக்கு?" டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். காலைப் பிடித்தேன். "அவங்க கப்பல்ல போனவங்களா?" என்று கேட்டார். இந்த மனுஷனுக்கு நான் எதைச் சொல்லிப் புரியவைப்பேன்.

11-2-1975
ரத்தம். துண்டு முழுக்க.

12-2-1975
பயந்திருப்பார், இனிமேலாவது கேட்பார் என்று நினைத்தேன். "கெட்ட ரத்தம் சம்சாத். ஜாடி உள்ள பூந்து கழுவித் தள்ளுது" என்கிறார். சிரித்துக்கொண்டே சொல்கிறார். யா அல்லாஹ், நான் இன்னா பண்ணுவேன்? யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்? சொன்னா கடை போச்சு. சொல்லாட்டி ஆளே போயிடுவாரே.

13-2-1975
ஜாடி தீர்ந்துகொண்டு வருகிறது, நானே கோசு வாங்கி வருகிறேன் என்றேன். இங்கே கோசு எங்கே கிடைக்கிறது, செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும். சந்தோஷமாகப் பஸ் ஏற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பொட்டலம் தொலைந்துபோனது என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டேன். கூடையில் மேலே கோசு. அடியில் மாத்திரை.

14-2-1975
இஞ்சி நசுக்கும் சின்ன உரலில் ஒரு மாத்திரையைப் போட்டுப் பொடியாக்கி, கோசுத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். அந்தத் தண்ணீரே கலங்கல்தான், ஒன்றும் தெரியவில்லை. கசப்பைப் புளிப்பு தின்றுவிட்டது. ஒரே மூச்சில் குடித்தார். நான் பிஸ்மி சொல்லி அல்லாஹ்வை அழைத்தது அவருக்காகவா, எனக்காகவா?

காத்துக்கொண்டே இருந்தேன். வாந்தி வரவில்லை. கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார். நான் உரலை மூன்று தரம் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

10-4-1975
அரிசி மண்டித் தராசில் ஏறி நின்றாராம். எடை கூடியிருக்கிறது. ரத்தம் போன இடம் தெரியவில்லை. பஸ் வந்து நின்றால் "சோடா, கலரு!" என்று அவர் குரல் வீடுவரை கேட்கிறது.

ஜெர்மன்காரர் ஊருக்குப் போய்விட்டார். இப்போது ஜாடிக்கு இவர்தான் வைத்தியர். மூட்டுவலி, மூலம், பிள்ளை உண்டாகாதவள், யார் வந்தாலும் ஒரு டம்ளர் இலவசம். ஆமை கொடுத்த துரைக்கே கழுத்துப் பிடிப்புக்குக் கொடுத்து அனுப்பினார். ஜாடியை அவர் துடைத்து வைக்கும் அழகைப் பார்த்தால், எனக்குச் சக்களத்தி வந்துவிட்டாள் என்றே தோன்றுகிறது. சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

பரவாயில்லை. பெயர் கோசுக்குப் போகட்டும். எனக்கு ஆள் இருந்தால் போதும்.

2-6-1975
மீன் கொண்டுவரும் ஆதியம்மாளோடு அவள் மகள் பூவாயியும் வந்தாள். புகுந்த வீட்டில் இருமலைக் கண்டு திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதே இருமல். கேட்ட உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. செங்கல்பட்டில் அதே மாத்திரை, அதே வாந்தி. ஆதியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

இத்தனை நாள் கட்டிக்காத்த ரகசியத்தை இவர் ஒரு நொடியில் எடுத்துப் போட்டார். "ஆதியம்மா, எனக்கும் இதேதான். வயித்துப் புண்ணுன்னது பொய். மாத்திரையைத் தூக்கிக் கடாசிட்டேன். இப்பப் பாரு, எப்டி கீறேன்!" அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியவில்லை. ஒரு தூக்கு நிறைய ஊற்றிக் கொடுத்தனுப்பினார். நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் இப்போது ஒரு உயிருக்கு உலை வைக்கிறது.

நான் வாசலில் நின்று அந்தத் தூக்கு தெருமுனை தாண்டுவதைப் பார்த்தேன்.

5-6-1975
ஆதியம்மாளைக் குப்பத்துக்கே போய்த் தனியாகப் பார்த்தேன். "தண்ணி குடிக்கட்டும், ஆனா மாத்திரையை விடக்கூடாது" என்றேன். முறைத்தாள். "பாயே உட்டுட்டேன்னு சொல்றாரு. நீ இன்னா பாயம்மா நடுவுல? உன் ஊட்டு ஜாடியில எங்களுக்குப் பங்கு குடுக்க மனசு இல்லியா?"

உண்மையைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இவர் காதுக்குப் போகும். போனால் தண்ணீரையும் தொடமாட்டார், மாத்திரையையும் தொடமாட்டார். இன்னும் பாதிக்காலம்கூடத் தாண்டவில்லை. என் புருஷனை வைத்து அவள் மகளை வாங்குவதா? அவள் மகளை வைத்து என் புருஷனை வாங்குவதா? எந்தப் பக்கம் பார்த்தாலும் தோளில் தூக்கிப்போகும் ஜனாஸாதான் தெரிகிறது.

9-6-1975
பூவாயிக்கு ரத்தம் வந்ததாம். ஆதியம்மாள் கடைக்கே ஓடிவந்து சொன்னாளாம். இவர் சொன்ன பதில்: "பயப்படாதே, கெட்ட ரத்தம்."

10-6-1975
சொல்லிவிட்டேன்.

காலையில் ஆதியம்மாளும் பூவாயியும் இன்னொரு தூக்குத் தண்ணீருக்கு வந்து நின்றார்கள். இவர் ஜாடிப் பக்கம் போனார். நான் உரலை எடுத்து நடுவில் வைத்தேன். கூடையின் அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். எல்லார் கண்ணுக்கும் முன்னால் ஒரு மாத்திரையை நசுக்கினேன். டம்ளரில் போட்டேன். கோசுத் தண்ணீரை ஊற்றிக் கலக்கினேன். "இதுதான் தினம் நீங்க குடிக்கிறது" என்றேன்.

ஆதியம்மாள் வாயில் கை வைத்தாள். உடனே மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாலு மாசமாவா?" என்றார். "என் கையாலயே ஊருக்கெல்லாம் ஊத்திக் குடுத்தேனே சம்சாத். அப்பக்கூட பார்த்துக்கினு இருந்தியா?" கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். டம்ளர் அப்படியே இருந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

11-6-1975
ஜாடியைக் காணோம். மாத்திரைப் பொட்டலத்தையும் காணோம்.

12-6-1975
சவுக்குத் தோப்பு முழுக்க மண்டி போட்டுத் தேடினேன். உதிர்ந்த சவுக்கு இலையைக் கையால் விலக்கி விலக்கிப் பார்த்தேன். ஆடு மேய்ப்பவள் என்ன தொலைத்தாய் என்று கேட்டாள். என்ன சொல்ல?

24-6-1975
சோறு வைத்தால் சாப்பிடுகிறார். மாத்திரை எங்கே என்று கேட்டால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார். விடிந்ததும் எங்கேயோ போய்விட்டுத்தான் கடை திறக்கிறார். கடையில் கூட்டம் பாதிதான், விஷயம் பரவிவிட்டது. துண்டைத் துவைக்கும்போது விரித்து விரித்துப் பார்க்கிறேன். இன்றைக்கு இல்லை. நாளைக்கு? எல்லாம் என்னால்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இல்லை, அதுவும் முடியாது. அந்தப் பெண்ணின் முகம் விடாது.

செத்துடாதீங்க. திட்டுங்க, அடிங்க, பேசாம இருங்க. செத்துமட்டும் போயிடாதீங்க.

4-7-1975
ஆதியம்மாள் வந்தாள். அன்றைக்குப் போனவள் இன்றுதான் வீட்டுப்படி ஏறினாள். கூடையை இறக்கி, கேட்காமலே இரண்டு வவ்வால் மீனை எடுத்து என் கையில் வைத்தாள். "உன் மூஞ்சில முழிக்கக் கூச்சமா இருந்துது பாயம்மா" என்றாள்.

பூவாயி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"ரத்தம் நின்னுடுச்சி. பாய்தான் தினம் காலைல வர்றாரே! அது ஒண்ணு, இவரு ஒண்ணு, முழுசா வாயில போட்டுக்கினு, ஆளுக்கு ஒரு டம்ளர் கோசுத் தண்ணியைக் குடிச்சி உள்ள தள்ளுதுங்க. தண்ணி குடிச்சா வாந்தி வர்லியாம். அப்புறம் ரெண்டும் நாக்கை நீட்டிக் காட்டும், முழுங்கியாச்சான்னு நான் பாக்கணுமாம். உன்கிட்ட சொல்லாதேன்னாரு. எனக்கு வாய் நிக்கல."

ஜாடி அவள் குடிசை மூலையில்தான் இருக்கிறதாம், ஆமையோடு.

நான் மீனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அவள்தான் வாங்கி முறத்தில் போட்டாள்.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். மீன் குழம்பு ஊற்றினேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "கோசு தீரப்போவுது. மாத்திரையும்தான்" என்றார்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு போக வேண்டும்.