கொல்லையில் ஒளிந்திருந்த அண்ணிக்கு

கோபமோ கேலியோ வந்தால் மட்டும் 'அண்ணியாரே' என்று நான் நீட்டி முழக்கும் என் அருமை அண்ணிக்கு,

நேற்று உங்களுக்கு முதல் திவசம். காக்காய்க்குச் சோறு வைத்தோம், உடனே வந்து எடுத்தது. வந்தவர்களுக்கு அண்ணனே இலை போட்டார்.

இலை எடுக்கிற நேரத்தில், வரிச்சிக்குடியிலிருந்து வந்திருந்த சொந்தக்காரி ஒருத்தி நம் சுமதியைப் பார்த்து, "பெத்தவ போன அன்னைக்கே வயிறு முட்ட சாப்புட்ட பொண்ணாச்சே. அதுக்கு என்னா தெரியும், பாவம்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒங்களுக்குப் பாயசம் வந்துச்சா இல்லியா? குடிச்சிட்டு பஸ்ஸ புடிங்க" என்றேன். நீங்கள் இருந்திருந்தால் என் இடுப்பில் கிள்ளியிருப்பீர்கள்.

அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் அது இல்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியாது அண்ணி. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

காலரா வந்த வருஷம் நினைவிருக்கிறதா? உலகம் பூராவும் சுற்றுகிறது என்று ரேடியோ சொன்னது. எங்கேயோ சுற்றுவதற்கு நம் ஊர் நெரவியில் என்ன வேலை என்று நான்கூடக் கேலி பேசினேன். பிறகு பக்கத்துத் தெருவிலேயே வாந்திபேதி என்றார்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் ஆட்கள் வந்து கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். அந்த வாடைக்குச் சுமதி தண்ணீரையே தொடவில்லை. காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தால் கீழே கொட்டினாள். கண் அசந்தால் வாய்க்காலுக்கு ஓடினாள்.

அப்போது அவளுக்கு எட்டு வயதிருக்கும். ஒரு சொல் பேச்சில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். புதுச்சேரி டாக்டர், "மூளை வளர்ச்சி அப்படித்தான்மா, பழகிக்குங்க" என்று அனுப்பிவிட்டார். ஊர் அதற்கு வேறு வேறு பெயர் வைத்தது. உங்கள் கையைத் தவிர வேறு யார் கைச் சோறும் அவள் வாய்க்குள் போகாது. பெற்ற அப்பன் ஊட்டினாலும் பல்லைக் கடித்துக்கொள்வாள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்து அதே வீட்டில் கிடந்த என்னை அவள் ஒரு தூணைப் போலத்தான் பார்த்தாள்.

காலராவில் செத்துப்போவோமோ என்று எங்களுக்கெல்லாம் பயம். உங்கள் பயம் வேறு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது சொன்னீர்கள்: "கமலா, எனக்கு வந்துச்சுன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. செத்தா செத்துட்டுப் போறேன். இவ யாரு கையில தின்னுவா?"

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றேன்.

"இப்பதான் பேசணும். நீ கையக் கழுவிட்டு வா."

அப்படித்தான் தொடங்கினோம். சோற்றை நான் உருட்டினேன், நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து அவள் வாய்க்குக் கொண்டுபோனீர்கள். துப்பினாள். தட்டைக் கவிழ்த்தாள். என் கையைக் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் கை என் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் போனது, பிறகு தோளுக்கு. அப்புறம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். கடைசியில் எழுந்து கொல்லைக்கே போய்விட்டீர்கள்.

வைக்கோல் போருக்குப் பின்னால் நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது எனக்குத் தெரியும். உயிரோடு இருக்கும்போதே இல்லாமல் போய்ப் பார்க்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? கடைசி வாய் இறங்கியதும் நான் கத்துவேன்: "சாப்புட்டா அண்ணி!" தலையெல்லாம் வைக்கோலோடு ஓடிவருவீர்கள். சுமதி உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டாள், முந்தானையை மட்டும் பிடித்துக்கொள்வாள்.

காலரா உங்களைத் தொடக்கூட இல்லை. அது ஊரை விட்டுப் போன பிறகும், விட்டால் மறந்துவிடுவாள் என்று அவ்வப்போது கொல்லைக்குப் போய்க்கொண்டே இருந்தீர்கள். நான்கூட, "அண்ணியாரே, ஒங்களுக்கு அந்த வைக்கோல் போர்ல என்னா புதையலா இருக்கு?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். சில வருஷம் கழித்து, காலராவுக்குப் பயந்த உங்களை மஞ்சள்காமாலை வந்து கொண்டுபோனது.

அன்றைக்கு உங்களை எடுத்துக்கொண்டு போன பிறகு, சோறு பிசைந்தேன். வீடு நிறைய ஜனம், எல்லார் கண்ணும் எங்கள் மேல். சுமதி வாயைத் திறந்தாள். ஒரு வாய் மறுக்கவில்லை. வழக்கத்தைவிட வேகமாகச் சாப்பிட்டாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம் அண்ணி. பாவி மகளே, உன் அம்மாவுக்காக ஒரு வேளை பட்டினி கிடக்கக் கூடாதா என்று மனசுக்குள் திட்டினேன்.

கடைசி வாயை விழுங்கினாள். எழுந்திருக்கவில்லை. என் வலது கையைப் பிடித்துத் தூக்கி என் உதட்டில் வைத்து அழுத்தினாள். எனக்குப் புரியவில்லை. மறுபடி அழுத்தினாள். கொல்லைக் கதவைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள்.

கூப்பிடு என்கிறாள் அண்ணி. சாப்பிட்டாயிற்று, இன்னும் ஏன் கூப்பிடவில்லை என்கிறாள்.

அவளுக்கா தெரியாது? நீங்கள் வரவேண்டும் என்றுதான் அவ்வளவு வேகமாகத் தின்றிருக்கிறாள்! அந்த வீட்டில் அன்றைக்கு அவளைப் போல உங்களைத் தேடியவர்கள் யார்? நான் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஜனமெல்லாம் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பார்த்தார்கள். பார்க்கட்டும். இன்றுவரை ஒவ்வொரு வேளையும் கூப்பிடுகிறேன். கொஞ்ச நேரம் கதவைப் பார்த்திருந்துவிட்டுத் தானே எழுந்துபோவாள். அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று யாரைக் கேட்பேன்?

ஒரு சேதி சொல்ல வேண்டும். எனக்கு முழங்கால் வீங்கியதிலிருந்து உங்கள் பயம் எனக்கும் வந்துவிட்டது. இரண்டு மாதமாக அண்ணனைப் பழக்குகிறேன். வயலில் அத்தனை பேரை மிரட்டுகிற மனுஷர், மகளிடம் தட்டை ஏந்திக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறார். அவர் கையையும் தட்டிவிட்டாள், அவர் சட்டையிலும் துப்பினாள். அவர் கோபப்படவில்லை.

நேற்று சாயங்காலம் சொந்தக்காரர்களெல்லாம் போன பிறகு அண்ணன் தனியாக ஊட்டினார். நான் உள்ளே நின்றுகொண்டேன். முழுத் தட்டும் காலியானது. சுமதி அவர் கையை எடுத்து அவர் உதட்டில் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து உங்களை 'ஏ, இந்தா' என்று மட்டுமே கூப்பிட்ட அண்ணன், எழுந்து கொல்லைப் பக்கம் திரும்பினார்.

"ராஜம்" என்றார். அப்புறம் கொஞ்சம் பலமாக, "ராஜம், புள்ள சாப்புட்டுடுச்சு."

நீங்கள் வர முடியாது, எனக்குத் தெரியும். அண்ணனுக்குப் பிறகு யார் என்பதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஊட்ட ஒரு கையும் உங்களைக் கூப்பிட ஒரு வாயும் இல்லாமல் அவளை விட்டுவிட்டு நான் உங்களிடம் வரமாட்டேன் அண்ணி.

சுமதியின் அத்தை,
உங்கள் வாயாடி நாத்தனார்
கமலா