இல்லாத இரண்டாம் பாகத்தில் மதலேனாளைச் சாகடித்தது தொடர்பாக

அனுப்புநர்:
திருமதி சூசைப்பிள்ளை றோசம்மா,
கருவாட்டு வியாபாரியும் வீடியோ கொட்டகை உரிமையாளரும்,
பேசாலை, மன்னார் தீவு.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
மன்னார்.

பொருள்: பேசாலை சீமான்பிள்ளை என்பவர் வேறொரு படத்தை எனது படத்தின் இரண்டாம் பாகம் எனக் காட்டியமையும், என்மீது மொட்டைக் கடிதம் அனுப்பியமையும், அதனால் எனது ஜெனரேற்றருக்கான மண்ணெண்ணெய் அனுமதி நிறுத்தப்பட்டமையும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. கடந்த யூன் மாதம் 14ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணியளவில், மேற்படி சீமான்பிள்ளை தமது மீன் வாடியில் நூற்றுநாற்பது பேர் பார்த்திருக்க மதலேனாளைச் சாகடித்தார். அதற்கு அவருக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை.

2. பொலிசுக்கு எழுத வேண்டியதைத் தங்களுக்கு எழுதிவிட்டேன் என நினைக்க வேண்டாம். மதலேனாள் ஒரு படத்தில் வருகிற பெண். சிரிப்பு வந்தால் தாங்கள் சிரித்துவிட்டு மிச்சத்தைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த விடயத்தால் எனது கொட்டகை மூன்று கிழமையாகப் பூட்டிக் கிடக்கிறது, எனது கசெற் இராணுவ முகாமில் இருக்கிறது, எனது பெயர் யார் யாருடைய கோவையிலோ ஏறியிருக்கிறது. இந்தக் காலத்தில் பெயர் கோவையில் ஏறுவது சிரிக்கிற காரியம் அல்ல.

3. படத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை. கடல் முழுவதும் வற்றிவிட்டது. மிஞ்சிய தண்ணீரை ஒரு கூட்டம் மலைபோன்ற கதவு ஒன்றுக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கிறது. ஒரு பெண் தன் தகப்பனின் வள்ளத்துக்குச் சில்லுப் பூட்டி, வற்றிய கடலின் அடியில் அதை ஓட்டிக்கொண்டு போய் அந்தக் கூட்டத்தோடு சண்டை பிடிக்கிறாள். வெளிநாட்டுப் படம். வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் அதைப் புகழ்ந்ததாக, கசெற்றை எனக்கு அனுப்பிய காமில் எழுதியிருந்தார். காமில் எருக்கலம்பிட்டிக்காரர், இப்போது இடம்பெயர்ந்து புத்தளத்தில் வீடியோக் கடை வைத்திருப்பவர். எட்டு வருடமாக நான் அனுப்பும் கருவாட்டில் அவரோ, அவர் அனுப்பும் கசெற்றில் நானோ ஒரு நாளும் குறை கண்டதில்லை.

4. படத்தின் பாஷை எங்கள் ஊரில் ஒருவருக்கும் விளங்காது. ஆகவே எங்கள் வழக்கப்படி செய்தேன். தாங்கள் எங்கள் உடக்குப் பாஸ் பார்த்திருப்பீர்கள். ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் அந்த ஆளுயர உருவங்களுக்கு வாய் அசையாது. திரைக்குப் பின்னால் நின்று வாசிக்கிறவர் சொல்வதுதான் அவற்றின் பேச்சு, அவர் சொல்வதுதான் நடந்தது. அங்கே இருபது வருடம் வாசித்த இன்னாசிமுத்து அண்ணாவியாரையே எனது தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினேன். அந்தப் பெண்ணின் வெளிநாட்டுப் பெயர் அவருடைய நாக்கில் ஏறவில்லை. ஆண்டவரின் பாடுகளில் வருகிற மதலேனாள் என்ற பெயரையே வைத்தார். கதவைக் காக்கிற கூட்டத்தின் தலைவனை, ஆண்டவரைக் குற்றவாளியாக்கிய தலைமைக் குருவின் பெயரால் கைப்பாஸ் என்றார். அதன் பிறகு ஊரில் ஒருவருக்கும் வேறு பெயர் தேவைப்படவில்லை.

5. அந்தப் படத்தை நான் பங்குனி மாதத்திலிருந்து நாற்பத்தொரு தடவை காட்டினேன். கடலுக்குப் போகக் கடற்படை தருகிற பாஸின் நேரம் முடிந்து நாலு மணிக்குக் கரைக்கு வந்துவிட்ட மனிதர்களுக்கு வேறு எங்கே போக இருக்கிறது? பத்தாம் தடவை பார்க்கிறவர்களும் புதிதாகப் பார்க்கிறவர்களைப் போலச் சத்தமிட்டார்கள். அவள் கயிறு கட்டும் இடத்தில் கிழவர்கள் எழும்பி நின்று, "உந்த முடிச்சு அவிழும் பிள்ளை, இன்னொரு சுத்துச் சுத்து!" என்பார்கள். அவள் சுற்றமாட்டாள், முடிச்சு அவிழும், "சொன்னனான் கேட்டியே!" என்று அவளைத் திட்டிவிட்டு இருப்பார்கள். குமர்ப்பிள்ளைகள் ஒன்பது பேர் அவளைப்போலத் தலைமயிரைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டதில் தாய்மார் என்னுடன் ஒரு கிழமை கதைக்கவில்லை. ஒருவர் தமது வள்ளத்தின் பழைய பெயரை அழித்து மதலேனாள் என்று எழுதி, பாஸில் ஒரு பெயரும் வள்ளத்தில் ஒரு பெயருமாகக் கடற்படையிடம் அரை நாள் நின்று விளக்கம் சொன்னார். இவற்றை நான் பெருமையாகவே எழுதுகிறேன்.

6. படத்தின் முடிவில் அவள் கதவின் பூட்டை உடைக்கிறாள். தண்ணீர் வருகிற சத்தம் கேட்கிறது, தண்ணீரைக் காட்டுவதில்லை. அவள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மேற்கே நடந்து போகிறாள். அவ்வளவுதான். இதனால் வலை பொத்துகிற இடத்தில் தினமும் வழக்கு. தண்ணீர் வந்ததா, வரவில்லையா? "அங்கால இந்தியாக் கரையில தண்ணி நிக்கும், அவள் அங்கதான் போறாள்" என்று ஒரு கட்சி. "கதை முடிஞ்சுது, இனி எடுத்தாப் பழுதாய்ப் போகும், விடுங்கோ" என்று இன்னொரு கட்சி. "முடிஞ்சதெண்டால் என்னத்துக்கு அவள் கயிறு கொண்டு போறாள்? கயிறு கொண்டு போறவள் திரும்பி வருவாள்" என்று கருவாடு காயப்போடும் செபஸ்தியம்மா சொன்னதோடு பெரும்பாலானோர் இரண்டாம் பாகக் கட்சியில் சேர்ந்தார்கள். பிரான்சில் உள்ள பிள்ளைகளிடம் தொலைபேசியில் விசாரித்தவர்களும் உண்டு. நானும் கொட்டகை வாசலில், இரண்டாம் பாகம் வந்தால் முதலில் இங்கேதான் என்று பலகை எழுதி வைத்தேன். வியாபாரிக்கு அது தவறல்ல. வராத சாமானை வந்தது என்று நான் எழுதவில்லை.

7. காமிலுக்கு எழுதிக் கேட்டேன். அவருடைய பதிலின் பிரதியை இணைத்துள்ளேன். "றோசம்மாக்கா, எடுக்கப் போறதாத்தான் கதை அடிபடுது, இன்னும் எடுக்கத் தொடங்கல்ல. ஆராவது கையில இருக்கெண்டு சொன்னா அவன் பொய்யன்" என்பது அவருடைய வாசகம்.

8. அந்தப் பொய்யன் எனது வீட்டிலிருந்து நானூறு மீற்றர் தூரத்தில் இருந்தார். சீமான்பிள்ளை முன்பு கருவாடு வாங்க என்னிடம் வந்து நின்றவர். எனது கொட்டகையில் கூட்டம் கண்டதும் தமது வாடியில் மீனை அள்ளிவிட்டு வாங்குகளைப் போட்டார். பிறகு ஒரு புதுச் சைக்கிளைக் கொடுத்து இன்னாசிமுத்து அண்ணாவியாரைக் கூட்டிக்கொண்டு போனார். முழங்கால் வருத்தக்காரருக்குச் சைக்கிள் எவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரியும். நான்தான் முதலில் கொடுத்திருக்க வேண்டும். அது என் பிழை.

9. யூன் 12ஆம் திகதி தங்கள் கந்தோருக்குப் பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது. கடலைப் பூட்டி வைத்திருப்பவர்களின் பூட்டை உடைக்கும்படி எனது படம் மக்களுக்குப் படிப்பிக்கிறது என்று அதில் இருந்தது. கடலுக்குப் பாஸ் எடுத்துப் போகிற ஊரில் இப்படி ஒரு வரி என்ன செய்யும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் கிராம சேவையாளர் திரு. சிவசுப்பிரமணியம் அவர்கள் விசாரணைக்காக அதை என்னிடம் காட்டியபோது எழுத்தைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. ஊருக்கே கடிதம் எழுதிக் கொடுக்கும் இன்னாசிமுத்து அண்ணாவியாரின் எழுத்து. கேட்டவுடன் அவர் மறைக்கவில்லை. சீமான்பிள்ளை சொல்லச் சொல்ல எழுதியதாகவும், என்ன எழுதுகிறோம் என்று யோசிக்காமல் எழுதியதாகவும் கையொப்பமிட்டுத் தந்துள்ளார். அதுவும் இணைப்பில் உண்டு.

10. இனி 14ஆம் திகதி நடந்தது. சீமான்பிள்ளையிடம் இருந்தது வேறு ஏதோ ஒரு துவக்குச் சண்டைப் படம். அதிலும் கழுத்தளவு மயிரோடு ஒரு பெண் வருகிறாள். அது போதும் என்று நினைத்துவிட்டார். அண்ணாவியார் எனது கொட்டகையில் எந்தப் படத்தையும் மூன்று தடவை தனியாகப் பார்த்த பிறகுதான் வாசிப்பார். சீமான்பிள்ளை அவரை ஒரு தடவைகூடப் பார்க்க விடவில்லை, அவசரம். அந்தப் பெண் திரையில் வந்ததும் அண்ணாவியார், "இதோ, மேற்கே போன மதலேனாள் திரும்பி வருகிறாள்" என்று வாசித்தார். சனம் கைதட்டி அழுததாம். அரைமணித்தியாலத்தில் அந்தப் பெண்ணை யாரோ சுட்டுவிட்டார்கள். அவள் அந்தப் படத்தின் நாயகிகூட அல்ல, இடையில் சாகிற ஒருத்தி. அவள் மயங்கினாள் என்றோ, இவள் தங்கச்சி என்றோ வேறொருவர் சமாளித்திருப்பார். அண்ணாவியார் இருபது வருடம் கண்ணால் காண்பதை மட்டும் வாசித்த மனிதர். தலையைக் குனிந்துகொண்டு, "மதலேனாள் உயிர்விட்டாள்" என்று வாசித்தார். வாசித்துவிட்டுத் தானும் அழுதார். வாசித்தால் வாசித்ததுதான். அதற்குமேல் எங்கள் ஊரில் கேள்வி இல்லை.

11. அங்கிருந்து சனம் நேரே எனது வாசலுக்கு வந்தது. "இவள் சாவாளெண்டு தெரிஞ்சுகொண்டு பலகை எழுதி எங்களைக் காக்க வச்சனியே?" என்று கேட்டார்கள். கூரைத் தகட்டில் நாலு கல் விழுந்தது. மறுநாள் முதலாம் பாகத்தைப் போட்டேன், மூன்று பேர் வந்தார்கள். செபஸ்தியம்மா உள்ளே வராமல் வாசலில் நின்று, "செத்த பிள்ளையை ஓடித் திரியக் காட்டுறியே, உனக்கு மனசு வருதோ றோசம்மா?" என்றார். இருபத்தோராம் திகதி காலைப் பூசையில் இறந்தவர்களின் பெயர்களோடு மதலேனாளின் பெயரும் வாசிக்கப்பட்டது. பூசை வைத்த சுவாமிக்கு அது யாரென்று தெரியாது. ஊருக்குத் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை.

12. கல்லெறி நடந்து இரண்டாம் நாள், அதையும் மொட்டைக் கடிதத்தையும் ஒன்றாக வைத்து எனது அனுமதி நிறுத்தப்பட்டு, கசெற்றும் முகாமுக்குக் கொண்டு போகப்பட்டது. அதைக் கேட்டு நான் முகாம் வாசலுக்கு இரண்டு தடவை போனேன். இரண்டாம் தடவை காவலில் நின்ற ஒரு கோப்ரல், "அக்கா, நாங்க அஞ்சு தடவ பாத்தது. ரெண்டாவது இருக்கா?" என்று கேட்டார். பார்த்தவர்களுக்கு அதில் குற்றம் தெரியவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை என நினைக்கிறேன்.

13. ஒரு படத்துக்கு இவ்வளவு கோபமா என்று தாங்கள் கேட்கலாம். எனது கணவர் சூசைப்பிள்ளை 1990ஆம் ஆண்டு ஆவணி மாதம் வள்ளத்தோடு போனவர். ஏழு மாதம் கழித்து ஒருவர் வந்து அவர் இறந்துவிட்டார் என்றார். கண்ணால் கண்டீரோ என்று கேட்டேன். இல்லை, கண்டவர் ஒருவர் சொன்னார் என்றார். அன்றைக்கு ஊர் முழுவதும் எனது வீட்டில் வந்து அழுதுவிட்டுப் போனது. நான் அழவில்லை, அடுத்த நாள் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கருவாடு விற்கப் போனேன். மரண அத்தாட்சிக்கான படிவத்தைத் தங்கள் கந்தோரில் எனக்கு மூன்று தடவை தந்திருக்கிறார்கள். மூன்றும் எனது றங்குப் பெட்டியில் நிரப்பாமல் இருக்கின்றன. இதை இரக்கம் கேட்டு எழுதவில்லை. காணாத சாவைச் சொல்லுகிறவனை நான் ஒருநாளும் சும்மா விடமாட்டேன் என்பதற்காக எழுதுகிறேன்.

14. சமாதானமாகப் போகும்படி சுவாமி சொன்னார். மன்னிப்பது அவருடைய வேலை. நான் வியாபாரி, கொடுத்ததற்குச் சரியாக வாங்குவதுதான் எனக்குத் தெரியும். மொட்டைக் கடிதத்துக்காகச் சீமான்பிள்ளையை முகாமில் ஒப்படைக்க எனக்கு ஒரு நிமிடம் போதும், அண்ணாவியாரின் கையொப்பம் என்னிடம் இருக்கிறது. ஒப்படைக்கவில்லை. அங்கே போனால் ஊர் அவருக்காகப் பரிதாபப்படும். அவருக்குப் பரிதாபம் கிடைப்பதை நான் விரும்பவில்லை. அவருக்கு வெட்கம் கிடைக்க வேண்டும்.

15. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது மூன்று. எனது மண்ணெண்ணெய் அனுமதியைத் திருப்பித் தர வேண்டும். முகாமிலிருந்து எனது கசெற்றை யூலை 18ஆம் திகதிக்கு முன் எடுத்துத் தர வேண்டும். யூலை 19ஆம் திகதி ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை சீமான்பிள்ளையின் வாடியில் சனம் கூட அனுமதி தந்து, தங்கள் உத்தியோகத்தர் ஒருவரையும் அனுப்ப வேண்டும். இம்மூன்றும் இல்லாமல் கீழ்க்காணும் உடன்பாடு நடக்காது. தாங்கள் தாமதித்தால் அந்த மனிதர் வார்த்தை மாறுவார். எனக்கு அவரைத் தெரியும்.

16. கிராம சேவையாளர் முன்னிலையில் நேற்று நானும் சீமான்பிள்ளையும் உடன்பட்ட நிபந்தனைகள்: அன்றைய தினம் அவருடைய வாடியில், அவருடைய ஜெனரேற்றரில், அவருடைய மண்ணெண்ணெயில், ஒருவரிடமும் ரிக்கற் வாங்காமல் எனது முதலாம் பாகம் காட்டப்படும். இன்னாசிமுத்து அண்ணாவியார் வாசிப்பார். சைக்கிள் அவரிடமே இருக்கும். உண்மையான இரண்டாம் பாகம் எந்தக் காலத்தில் வந்தாலும் அது எனது கொட்டகையில் மட்டும் ஓடும், முதல் நாள் சீமான்பிள்ளை முன்வரிசைக்கும் முன்னால் மணலில் இருந்து அதைப் பார்ப்பார். 19ஆம் திகதி படம் தொடங்குமுன் அவர் திரைக்கு முன்னால் நின்று, "நான் காட்டினது வேற படம். செத்தது வேற பொம்பிளை. மதலேனாள் செத்ததை ஒருத்தரும் காணேல்ல" என்று மூன்று தடவை சொல்வார். வாடியின் படங்குகளை இறக்கி இருட்டாக்கிவிட்டுச் சொல்லலாமா என்று கேட்டார். இல்லை என்றேன். நாலு பக்கமும் படங்கு சுருட்டிக் கட்டியிருக்கும், செபஸ்தியம்மா முன்வாங்கில் இருப்பார், அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். ஓம் என்று சொல்லிக் கையொப்பமிட்டார்.

இடம்: பேசாலை
திகதி: 06.07.1998

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்) சூ. றோசம்மா

இணைப்புகள்: காமில் அவர்களின் கடிதப் பிரதி, இன்னாசிமுத்து அண்ணாவியாரின் வாக்குமூலம், கிராம சேவையாளர் சாட்சியிட்ட உடன்பாடு.