மூன்றாம் பக்கம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. ஆமாம், நானேதான், என் கையாலேயே. எழுத்துகள் மேலேறியும் கீழிறங்கியும் கிடந்தால் பொறுத்துக்கொள், நாற்பது வருடம் மூட்டை தூக்கிய கை, பேனாவையும் மூட்டை மாதிரியே பிடிக்கிறது. நானும் அம்மாவும் நலம், நீ நலமாக இருந்தால்தான் அந்த நலம் முழுசாகும். இந்த வரிக்கு வந்து சேர அரைமணி ஆயிற்று. "அவ புரட்சியையே முடிச்சுட்டுத் திரும்பிடுவா, நீங்க ஒரு பக்கம் முடிக்க மாட்டீங்க" என்கிறாள் உன் அம்மா.

முதலில் இதைப் படி, மற்றதெல்லாம் பிறகு. எனக்கு உன்மேல் கோபம் இல்லை. எட்டு மாதம் பதில் போடாததற்குக் காரணம் உன் தோழர்களின் கண்ணீர். சுரங்கத்து மக்களோடு சேர்ந்து போராட நீ கடல் தாண்டிப் போன அன்று, சங்கத்துக்கு எழுதிவைத்த கடிதத்தை பிஸ்கட் ஆலை வாசலில் தலைவர் படித்தார். முதல் பக்கம் சிங்கம் மாதிரிதான் படித்தார். இரண்டாம் பக்கத்தில் "என் பொறுப்புகளையெல்லாம் உங்களிடம் ஒப்படைக்கிறேன்" என்ற இடம் வந்ததும் அழுதபடி உட்கார்ந்துவிட்டார். துணைத்தலைவர் வாங்கிப் படித்தார், அவரும் அதே இடத்தில் கவிழ்ந்தார். அப்புறம் மூன்று கூட்டங்களில் படித்தார்கள், பேருந்து நிறுத்தம் மாதிரி எல்லோருடைய அழுகையும் அங்கேதான் நின்றது. மூன்றாம் பக்கத்தை ஒருவரும் புரட்டவில்லை. கடைசியில் ஞாபகமாக இருக்கட்டும் என்று, அப்போது எழுத்தே தெரியாத என்னிடம் தந்தார்கள். மிச்சத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "வேறென்ன பெரியவரே, வாழ்க வெல்கன்னு முடிச்சிருக்கும்" என்றார் தலைவர்.

இதற்கிடையில் சங்க அறைச் சாவியைக் காணோம். கட்டடக்காரர்தான் சதி செய்து பூட்டிவிட்டார் என்று முடிவுகட்டி, படிக்கட்டிலேயே உட்கார்ந்து போராட்டம் தொடங்கினார்கள். "பூட்டே உங்களுதுதானய்யா, நான் தொடக்கூட இல்லை" என்று அவர் கதறக் கதறக் கோஷம்தான் கூடியது. எத்தனை நாள் கத்திக்கொண்டே இருப்பது என்று ஆலையில் அட்டைப்பெட்டிப் பிரிவில் வேலை செய்யும் அம்மாள் அந்தப் படிக்கட்டிலேயே எழுத்து வகுப்பு ஆரம்பித்தாள், நானும் போய் உட்கார்ந்தேன். இப்போது தெருவில் ஒரு பலகையை விடுவதில்லை, சத்தமாகப் படித்துக்கொண்டேதான் நடக்கிறேன், உன் அம்மா யாரோ மாதிரி பத்தடி தள்ளி வருகிறாள்.

போன செவ்வாய்க்கிழமை உன் மூன்றாம் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். சாவி நம் வீட்டுக் கடிகாரத்துக்குப் பின்னால் தொங்குகிறதாமே! எடுத்துப் போய்த் தலைவரிடம் கொடுத்தேன், முகம் வெளுத்துவிட்டது. "பெரியவரே, வெளியில சொல்லிடாதீங்க, அந்த மனுஷன் நேத்துதான் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தாரு" என்றார்.

சாவி விஷயத்துக்குக் கீழேதான், தோழர்கள் படித்துச் சொல்வார்கள் என்று நம்பி நீ எனக்கு எழுதிய வரிகள். "நேரில் சொன்னால் என் கால் நகராது, போகட்டுமா அப்பா? 'வா' என்று ஒரு வார்த்தை எழுதினால் வந்துவிடுகிறேன், பதிலே இல்லையென்றால் என்னைத் தலைமுழுகிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அட பைத்தியமே, எட்டு மாதமாக அப்படி நினைத்துக்கொண்டா அங்கே நிற்கிறாய்? எனக்கும் கண் கலங்கியது, ஆனால் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் அழுதேன்.

முதலில் ஒரு தாளில் வா என்றுதான் எழுதினேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "வந்து நின்னா சந்தோஷப்படுவீங்களா, இல்ல நம்மளாலதான் பாதியில விட்டுட்டு வந்துட்டாளோன்னு காலம் பூரா புலம்புவீங்களா" என்று கேட்டாள். கிழித்துப் போட்டேன். அதனால் நாங்கள் இருவரும் முழு மனதோடு சொல்கிறோம், போய் வா மகளே. ஜெயித்தாலும் வா, தோற்றாலும் வா, யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம்.

நல்லா இரு, நூறு வயசு இரு. ஈரக் காலோடு தூங்காதே. இதைக் கொண்டுவரும் கப்பல் சமையல்காரரிடம் கடிதம் கிடைத்தது என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்பு, நானே படித்துக்கொள்வேன். அடுத்த வாரமும் எழுதப்போகிறேன், கப்பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இப்படிக்கு,
உன்னைத் தலைமுழுகாத
அப்பா